மூன்றாவது கட்டம் சும்மா இருக்கிறது: ஆங்கிலச் சொற்பட்டியல் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்வழியாக ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கும் நூல்கள், செயலிகள், காணொளிகள், அட்டைகள் தயாரிக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

இடப்பக்கம் ஆங்கிலச் சொல், நடுவில் தமிழ்ப் பொருள், வலப்பக்கம் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். இந்த மூன்று கட்ட அமைப்பைத்தான் நாங்களும் பயன்படுத்துகிறோம். அதைத் தூக்கி எறியச் சொல்ல வரவில்லை. மூன்றாவது கட்டம் பெரும்பாலான பட்டியல்களில் வேலை எதுவும் செய்யாமல் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதே எங்கள் குறை. தமிழ்ப் பொருளால் முடியாததைச் செய்யத்தான் வாக்கியம் வேண்டும். அது அதைச் செய்யவில்லை என்றால் வாக்கியமே இல்லாத பட்டியல் மேல், தாளாவது மிச்சமாகும்.

'ரிலக்டன்ட், தயக்கமுள்ள, ஹி இஸ் ரிலக்டன்ட்.' இப்படி ஒரு வரி. வாக்கியத்தில் உள்ள அந்தச் சொல்லை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். அந்த இடத்தில் 'ஹேப்பி' வரலாம், 'டால்' வரலாம், 'ஹங்ரி' வரலாம். எந்தப் பண்புச்சொல் வேண்டுமானாலும் உட்காரக்கூடிய நாற்காலி அது. இப்போது 'ஷி வாஸ் ரிலக்டன்ட் டு லீவ் ஹர் சிக் மதர் அலோன்' என்பதை அதேபோல் மறைத்துப் பாருங்கள். நோயுற்ற தாயைத் தனியே விட்டுப் போக ஒருத்திக்கு என்ன தோன்றும் என்று மனம் தானாகவே ஊகிக்கிறது. இன்னொன்றும் நடக்கிறது: 'ரிலக்டன்ட்' என்றால் பின்னாலேயே 'டு' வரும், அதையடுத்து வினையின் மூல வடிவம் வரும் என்பது இலக்கணப் பாடம் நடத்தாமலே பதிகிறது. எங்களுக்குள் இதற்கு விரல் சோதனை என்று பெயர். மறைத்த இடத்தில் பொருந்தக்கூடிய சொற்கள் இரண்டு மூன்றுக்கு மேல் போனால் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு வேறு எழுதுவோம். நீளம் 8 முதல் 15 சொற்கள். அதற்குக் குறைந்தால் சூழல் போதாது. கூடினால் கற்பவர் வாக்கியத்தின் நடுவிலேயே தொலைந்துபோகிறார்.

நடுக்கட்டத்துக்கு வருவோம், சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. 'ஆஸ்க்' என்றால் கேள். 'ஹியர்' என்றால் கேள். 'லிசன்' என்றாலும் கேள். மூன்றும் வெவ்வேறு பக்கங்களில் ஒரே பொருளுடன் அச்சாகியிருக்கும்போது, மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று என்றுதான் எவரும் முடிவு செய்வார். தமிழில் இந்த வேறுபாடு இல்லாமல் இல்லை, நீங்கள் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. 'ஹியர்' என்பது காதில் விழுதல். 'லிசன்' என்பது காதுகொடுத்துக் கேட்டல். 'ஐ ஹேர்ட் ஹிம், பட் ஐ வாஸ் நாட் லிசனிங்' என்ற ஒரே வாக்கியம் இரண்டையும் பிரித்துவிடும்: அவர் பேசியது காதில் விழுந்தது, ஆனால் நான் காதுகொடுக்கவில்லை. 'பார்' என்பதற்கும் இதே மருந்து. 'சீ' கண்ணில் படுவது; 'லுக்' கண்ணைத் திருப்பிப் பார்ப்பது; 'வாட்ச்' நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பது. 'படி' என்ற ஒற்றைச் சொல்லை நம்பியவர்தான் 'ஐ ஆம் ரீடிங் இன் காலேஜ்' என்று எழுதுகிறார். கல்லூரியில் படிப்பது 'ஸ்டடி'. கையிலிருக்கும் தாளைப் படிப்பதே 'ரீட்'.

எதிர்த்திசையிலும் இது உண்டு. சட்டை போடுகிறோம், கண்ணாடி அணிகிறோம், கைக்கடிகாரம் கட்டுகிறோம். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'வேர்' ஒன்றே. ஆனால் பொருள் கட்டத்தில் 'அணி' என்று மட்டும் போட்டால் 'புட் ஆன்' என்பதோடு குழம்பும். 'புட் ஆன்' போடுதல், 'வேர்' போட்டிருத்தல். தமிழில் ஒரு 'இருத்தல்' சேர்த்தால் தீர்ந்துபோகிற குழப்பம் இது.

இப்படி நடுக்கட்டத்தைச் செதுக்கினாலும் வினைச்சொற்களில் ஒரு பெரிய ஓட்டை மிஞ்சும். 'டிஸ்கஸ்' என்றால் விவாதி, பொருள் சரிதான். ஆனால் தமிழில் ஒன்றைப் பற்றி விவாதிக்கிறோம், அந்தப் 'பற்றி' கூடவே வந்து 'டிஸ்கஸ் அபவுட்' ஆகிறது. 'எனக்கு விளக்குங்கள்' என்பது 'எக்ஸ்ப்ளெயின் மி' ஆகிறது; வரவேண்டியது 'எக்ஸ்ப்ளெயின் இட் டு மி'. 'அவருடன் திருமணமானவர்' என்பது 'மேரீட் வித்' ஆகிறது. வேண்டியது 'மேரீட் டு'. இவை கற்பவரின் கவனக்குறைவால் வருபவை அல்ல. தமிழ் வேற்றுமை உருபு தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால் வருபவை. அதனால் எந்தச் சொல்லில் எந்தத் தவறு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். முன்கூட்டியே சொல்ல முடிந்ததைப் பட்டியலில் போடாமல் விடுவதற்குக் காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. ஏ. எஸ். ஹார்ன்பியும் கூட்டாளிகளும் 1942-இல் ஜப்பானில் வெளியிட்ட கற்போர் அகராதியிலேயே வினைக்குப் பின் என்ன வரும் என்ற அமைப்புகளைக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு பதிவு எப்படி இருக்கலாம் என்பதற்கு, அடிக்கடி தவறாகும் 'சஜஸ்ட்' என்ற வினையை எடுத்துக்கொள்கிறோம்.

சொல்: 'சஜஸ்ட்', வினை. அழுத்தம் இரண்டாம் அசையில்.
பொருள்: இப்படிச் செய்யலாமே என்று ஒரு யோசனையை முன்வைத்தல். கட்டளையிடுதல் இல்லை.
அமைப்பு: பின்னால் பெயர்ச்சொல் வரலாம், 'இங்' வடிவம் வரலாம், அல்லது 'தட்' என்று தொடங்கும் தொடர் வரலாம். நேரடியாக ஆள் வருவதில்லை.
வாக்கியம் 1: 'இட் வாஸ் ரெயினிங், ஸோ ஷி சஜஸ்டட் டேக்கிங் எ டாக்ஸி.' மழை பெய்ததால், டாக்ஸியில் போகலாமே என்றாள்.
வாக்கியம் 2: 'த டாக்டர் சஜஸ்டட் தட் ஐ ரெஸ்ட் ஃபார் எ வீக்.' ஒரு வாரம் ஓய்வெடுத்தால் நல்லது என்றார் மருத்துவர்.
வரக்கூடிய தவறு: 'ஹி சஜஸ்டட் மி டு கோ.' 'என்னைப் போகச் சொன்னார்' என்ற தமிழ் அமைப்பு 'மி டு கோ' என்பதை இழுத்து வருகிறது. 'அட்வைஸ்' என்ற வினையில் அது சரி, 'ஹி அட்வைஸ்ட் மி டு கோ' எனலாம், இங்கே கூடாது.

ஆதாரங்கள் ஒன்றை உணர்த்துகின்றன என்ற பொருளிலும் 'சஜஸ்ட்' வரும். அதை இதே பதிவில் நுழைக்காமல் தனிப் பதிவாக வையுங்கள். ஓர் அட்டையில் இரண்டு பொருள் இருந்தால், ஒன்று நினைவுக்கு வந்ததும் கற்பவர் 'தெரியும்' என்று குறித்துவிட்டு நகர்கிறார். மற்றது கடைசிவரை தேறாது. வாக்கியத்தின் தமிழாக்கத்திலும் கவனம் வேண்டும். 'அவள் ஒரு டாக்ஸி எடுப்பதைப் பரிந்துரைத்தாள்' என்று எழுதினால் ஆங்கிலமும் வராது, இருக்கிற தமிழும் போய்விடும். வீட்டில் எப்படிச் சொல்வோமோ அப்படியே எழுதுங்கள்.

அடுத்து, சொற்களின் கூட்டாளிகள். தவறு செய்கிறோம், வீட்டுப்பாடம் செய்கிறோம், முடிவு செய்கிறோம். ஆங்கிலத்தில் தவறுக்கும் முடிவுக்கும் 'மேக்', வீட்டுப்பாடத்துக்கு 'டூ'. ஏன் என்று கேட்டால் நேர்மையான பதில், அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதே. நாம் பலத்த மழை என்றும் சொல்கிறோம், கனமழை என்றும் சொல்கிறோம். அவர்களிடம் 'ஹெவி ரெயின்' உண்டு, 'ஸ்ட்ராங் ரெயின்' எடுபடாது. காற்றுக்கு மட்டும் 'ஸ்ட்ராங்'. எனவே 'ரெயின்' என்ற எளிய சொல்லுக்குக்கூட எடுத்துக்காட்டில் 'ஹெவி' வந்தாக வேண்டும். 'மிஸ்டேக்' என்பதற்கு எழுதும் வாக்கியத்தில் 'மேக்' இல்லையென்றால் அந்த வாக்கியம் பாதிதான். சில இடங்களில் இரு மொழிகளும் வியப்பாக ஒத்துப்போகின்றன: நமக்கும் சளி 'பிடிக்கிறது', அவர்களும் சளியை 'கேட்ச்' செய்கிறார்கள். ஆனால் பாருங்கள், இங்கே சளி நம்மைப் பிடிக்கிறது. அங்கே ஆள் சளியைப் பிடிக்கிறார். எழுவாய் இடம் மாறுவதை வாக்கியம்தான் காட்ட முடியும்.

பெயர்ச்சொற்களில் எண்ணிக்கையைக் குறியுங்கள். அறிவுரைகள், தகவல்கள் என்று தமிழில் பன்மை இயல்பாக வருவதால் 'அட்வைசஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்று ஒரு வாக்கியம் போதும்.

தமிழுக்குள் வந்து குடியேறிய ஆங்கிலச் சொற்களை நீங்கள் 'இதுதான் எல்லோருக்கும் தெரியுமே' என்று தாண்டிவிடுகிறீர்கள். அவைதான் வழுக்கும் படிகள். 'ஃபீல் பண்ணாதே' என்றால் நமக்கு வருத்தப்படாதே என்று பொருள். ஆங்கிலத்தில் 'டோண்ட் ஃபீல்' என்று நிறுத்தினால் என்ன உணரக் கூடாது என்று கேட்பார்கள். 'டோண்ட் ஃபீல் பேட்' என்றால்தான் முடிகிறது. 'ஐ ஹேவ் எ டவுட்' என்று நாம் கை தூக்குவது ஒன்றைத் தெரிந்துகொள்ள. வெளிநாட்டவர் காதில் அது, நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை என்பதுபோல் விழலாம். அங்கே 'க்வெஸ்சன்' வேண்டும். இவற்றைப் புதுச்சொற்களைப் போலவே பதிவிட்டு, தமிழ் வழக்கு இது, ஆங்கில வழக்கு இது என்று பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

'கிக் த பக்கெட், மரணமடைதல்' என்று எந்த எச்சரிக்கையும் இல்லாமல் போடும் பட்டியல்கள் இருக்கின்றன. இரங்கல் செய்தியில் 'மண்டையைப் போட்டார்' என்று எழுத வைப்பதற்கு இது சமம். காலமானார், இறந்தார், செத்தான், மண்டையைப் போட்டான் என்று நாம் ஒவ்வொன்றையும் எங்கே சொல்வோம் என்று நமக்குத் தெரியும். 'பாஸ் அவே', 'டை', 'கிக் த பக்கெட்' மூன்றுக்கும் அந்த இட அறிவைக் கொடுக்காமல் பொருளை மட்டும் கொடுப்பது ஆபத்து. 'ஸ்லிம்', 'ஸ்கின்னி' இரண்டுக்கும் 'ஒல்லியான' என்று போடுகிறீர்கள். முன்னது பாராட்டு, பின்னது பெரும்பாலும் குத்தல். 'நோஞ்சான்' என்று நம்மிடமே சொல் இருக்கிறது. ஒரே பொருள் தரும் பத்துச் சொற்களை 'பிக், லார்ஜ், ஹியூஜ்' என்று சங்கிலியாகக் கோர்ப்பதிலும் இதே குறை. 'எ பிக் மிஸ்டேக்' உண்டு, 'எ லார்ஜ் மிஸ்டேக்' காதுக்கு ஒவ்வாது.

ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் மட்டும் தருவது பற்றி. 'பேக்' என்று எழுதினால் அது பையா, முதுகா, பொட்டலம் கட்டுவதா, அடுப்பில் சுடுவதா? நான்குக்கும் நம் எழுத்தில் வடிவம் ஒன்றே. மேற்குத் திசையும் உள்ளாடையும் 'வெஸ்ட்' ஆகிவிடுகின்றன. அழுத்தம் எழுத்தில் வருவதே இல்லை: 'ரெக்கார்ட்' பெயராக இருந்தால் முதல் அசையில் அழுத்தம், வினையாக இருந்தால் இரண்டாம் அசையில். இந்த மடலிலும் ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்தில்தான் இருக்கின்றன. அவற்றை ஏற்கெனவே அறிந்த உங்களுக்கு எழுதுவதால் அது செல்லும். முதன்முறை பார்ப்பவருக்கு ஆங்கில எழுத்தும், அழுத்தம் விழும் அசைக்குத் தடித்த எழுத்தும், முடிந்தால் ஒலிப்பதிவும் வேண்டும்.

எந்தச் சொற்களைத் தேர்வது என்பதில் எங்களுக்கு உங்கள்மீது வருத்தம் கொஞ்சம் அதிகம். யாரும் வாழ்நாளில் இரண்டு முறைகூடச் சந்திக்காத, பார்க்க அழகான சொற்களைப் போட்டு வியக்க வைக்கிறீர்கள். மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுச்சொல் பட்டியலில் ஏறக்குறைய 2000 தலைச்சொற்கள், அதாவது பதிவுக்குத் தலைப்பாக நிற்கும் சொற்கள். சாதாரண ஆங்கில உரையில் சுமார் 80 சதவீதத்தை அந்த அளவு சொற்களே நிரப்பிவிடுகின்றன. 80 சதவீதம் என்பது கேட்க நிறைவாக இருக்கும். உண்மையில் ஐந்து சொல்லுக்கு ஒன்று தெரியாது என்று பொருள், அந்த நிலையில் ஊகித்துப் படிக்க முடியாது. எழுத்துரையில் 98 சதவீதத்தை எட்ட 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்று சொற்கற்றல் ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். முதல் 2000 உறுதியாகாமல் அதற்கு மேலே கட்டக் கூடாது. மேற்படிப்பு நோக்கம் என்றால் அடுத்ததாக ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் தொகுத்த 570 சொற்குடும்பங்களுக்குப் போகலாம். கல்விசார் உரைகளில் அவை மட்டும் ஏறக்குறைய 10 சதவீதம்.

அந்த முதல் 2000-க்குள்ளேயே கடினம் ஒளிந்திருக்கிறது. 'கிவ்' தெரியும், 'இன்' தெரியும். 'கிவ் இன்' தெரியாது. தமிழில் விட்டுக்கொடுத்தல் என்பது விடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை அல்லவா, அதேதான். 'புட் ஆஃப்', 'டர்ன் டவுன்', 'கெட் ஓவர்' போன்றவற்றைத் தனிச்சொற்களாகவே எண்ணிப் பதிவிடுங்கள். முன்னொட்டுகளை வைத்துப் பொருள் காணும் முறை உதவும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்: 'இன்' வந்தால் எதிர்மறை என்று கற்றவர் 'இன்ஃப்ளேமபிள்' என்ற எச்சரிக்கைப் பலகையைத் 'தீப்பற்றாதது' என்று படித்துவிட்டால் வினை வேறு மாதிரி முடியும். அது எளிதில் தீப்பற்றுவதைத்தான் குறிக்கிறது.

சொற்களைக் கொத்தாகக் கொடுக்கும் பழக்கத்தையும் கொஞ்சம் மறுபரிசீலனை செய்யுங்கள். 'லெண்ட்', 'பாரோ' இரண்டையும் ஒரே நாளில், எதிரெதிரே அச்சிட்டால், கடன் என்பது நினைவிருக்கும். எது கொடுப்பது எது வாங்குவது என்பது வருடக்கணக்கில் குழம்பும். பொருளால் நெருங்கிய சொற்களை ஒரே வேளையில் புதிதாகக் கற்றால் மெதுவாகவே ஏறுகின்றன என்று தாமஸ் டிங்கம் 1993-இல் சோதித்துக் காட்டினார். முதலில் 'பாரோ' மட்டும். அது தடுமாறாமல் வந்தபின், இரண்டு மூன்று வாரம் கழித்து 'லெண்ட்'. நம் நிகண்டுகள் விலங்கின் பெயர், மரப்பெயர் என்று தொகுதி தொகுதியாகத்தானே அமைந்தன என்று கேட்கலாம். உண்மை, ஆனால் அவற்றை மனப்பாடம் செய்தவர்கள் தமிழ் பேசிக்கொண்டிருந்தவர்கள்.

விளக்கம் எழுதும் முறைக்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை. உரிச்சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது 'பயிலாதவற்றைப் பயின்றவை சார்த்தி' என்கிறது தொல்காப்பியம். பழகாததைப் பழகியதோடு சேர்த்துச் சொல். 1978-இல் லாங்மன் கற்போர் அகராதி ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கத்தையும் எழுதியபோது செய்ததும் இதுதான். ஆகவே எடுத்துக்காட்டு வாக்கியத்தில் தலைச்சொல்லைத் தவிர வேறு எதுவும் புதிதாக இருக்கக் கூடாது. ஒரு கடினச் சொல்லை விளக்க அதைவிடக் கடினமான இரண்டைக் கொண்டுவரும் வாக்கியம் உங்கள் பட்டியலில் ஒன்றேனும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

கடைசியாக, '30 நாளில் 3000 சொற்கள்' என்ற வாக்குறுதி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, மறதியின் பெரும்பங்கு முதல் நாளுக்குள்ளேயே நடந்துவிடுகிறது, பிறகு வேகம் குறைகிறது என்று அளந்தார். எனவே ஒரு சொல்லைக் கற்றபின் 1, 3, 7, 15-ஆம் நாள்களில் திரும்பப் பார்ப்பது என்று வைப்போம். நாளுக்கு 100 புதுச்சொல் என்றால் 16-ஆம் நாளிலிருந்து புதியவை 100, பழையவை 400. ஒன்றுக்கு 20 நொடி என்றாலும் இரண்டே முக்கால் மணிநேரம், தினமும். 10 புதுச்சொல் என்றால் மொத்தம் 50 அட்டை, சுமார் 17 நிமிடம். ஒருவர் இதைத் தொடர்வார்; முன்னதை ஒருவரும் தொடரமாட்டார். செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பிய பெட்டி முறையில், சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்கும், தவறிய அட்டை முதல் பெட்டிக்கும் போகும். அச்சு நூல் விற்பவர்களும் வெட்டி எடுக்கும் அட்டைகளாக ஒரு பகுதியைத் தந்தால் இது நடக்கும்.

திரும்பப் பார்ப்பது என்றால் திரும்பப் படிப்பது இல்லை. பொருளை மூடிவைத்து நினைவிலிருந்து எடுப்பது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் உரைப்பகுதிகளை வைத்துச் செய்த சோதனையில், ஐந்து நிமிடத்துக்குப் பின் மீண்டும் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரத்துக்குப் பின் நினைவிலிருந்து எடுத்துப் பழகியவர்கள் முந்தினார்கள். அட்டையின் முன்பக்கத்தில் சொல்லை மட்டும் வைத்தால் அது கண்டறியும் பயிற்சி. அதே வாக்கியத்தில் சொல்லின் இடத்தை வெற்றிடமாக விட்டு, கீழே தமிழாக்கத்தைக் கொடுத்தால் அது எடுத்தாளும் பயிற்சி. இரண்டும் வேண்டும், பின்னது மூன்று நாள் கழித்துத் தொடங்கட்டும். அச்சுப் பட்டியலில் வரிசை மாறாததால் 'இதற்கு அடுத்தது அது' என்று இடத்தை வைத்தே பதில் சொல்லிவிடுகிறார்கள், கலைத்துக் கொடுங்கள்.

உங்கள் அடுத்த பதிப்புக்கு முன் ஒன்றே ஒன்று செய்துபார்க்கக் கேட்கிறோம். இப்போதுள்ள பட்டியலிலிருந்து கண்ணை மூடி 20 பதிவுகளை எடுங்கள். தலைச்சொல்லை மறைத்து, வாக்கியத்தை மட்டும் அந்தச் சொற்களை அறிந்த ஐந்து பேரிடம் கொடுங்கள். மூன்று பேராவது அந்தச் சொல்லையோ அதற்கு மிக நெருங்கிய ஒன்றையோ எழுதாத பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றின் வாக்கியங்களை மட்டும் மாற்றுங்கள். 20-இல் எத்தனை விழுந்தன என்பதை முன்னுரையில் அச்சிட்டால், நாங்கள் அந்த நூலை வாங்குவோம்.

இப்படிக்கு,
சொற்பட்டியல்களோடு மல்லுக்கட்டும் ஆங்கில ஆசிரியர்கள் சிலர்